வசந்தசேனை, காந்தா... அப்புறம் நான்!



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்து, பாத்திரத்தை எல்லாம் ஒழித்துப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால், டி.வி.யில் 'மனோகரா' ஓடிக் கொண்டிருந்தது. என் மாமியார் கட்டிலில் காலை நீட்டிப் படுத்தபடி, ''அடிப்பாவி... அடிப்பாவி...'' என்று வாய்க்குள் முணுமுணுத்துக் கொண்டிருந்தார். யாரைத் திட்டுகிறார் என்று நான் கேட்கவே வேண்டாம். வசந்தசேனையைத்தான்!

நம்மில் எத்தனை பேர் இப்படித் திரையைப் பார்த்துத் திட்டியிருப்போம்! வில்லன் வந்தால்கூட இந்த அளவுக்குக் கோபம் வராது. நம்பியாரைப் பார்த்தால் பயம்தான் வரும். ஆனால் வில்லி வந்தால் பயத்தோடு ஒரு வயிற்றெரிச்சலும் சேர்ந்து வரும். 'ஒரு பொம்பளை இப்படிச் செய்வாளா?' என்று கேட்டுக் கேட்டே மாய்ந்து போவோம். அந்த வில்லிகளைப் பற்றித்தான் உங்களோடு பேசலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். பேச எனக்குச் சொந்தக் காரணம் ஒன்றும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் பிறந்தவள். பத்தாவது வரை படித்தேன். என் அப்பத்தா தினமும் ராத்திரி கதை சொல்லித்தான் எங்களைத் தூங்க வைக்கும். அதில் பாதி நாள் நல்லதங்காள் கதை. பஞ்சம் பிழைக்க ஏழு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வருவாள் நல்லதங்காள். அண்ணன் வெளியூர் போயிருப்பான். அண்ணி மூளி அலங்காரி கதவைத் திறக்கவே யோசிப்பாள். திறந்தாலும் ஓட்டைச் சட்டியையும் பச்சை விறகையும் எடுத்துப் போட்டு, 'பொங்கித் தின்னு' என்பாள். கடைசியில் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டுத் தானும் விழுந்து சாவாள் நல்லதங்காள். 1955-ல் இது சினிமாவாகவும் வந்திருக்கிறது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில், வத்திராயிருப்பை அடுத்த அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோயிலே உண்டு. ஒரு தடவை அப்பத்தா கூட்டிப் போனது. கோயிலில் சாமி கும்பிட்டதை விட, மூளி அலங்காரியை அது திட்டியதுதான் அதிகம்!

ஆக, நம் சினிமாவில் வந்த அத்தனை வில்லிகளுக்கும் தாய் மூளி அலங்காரிதான் என்பது என் அபிப்பிராயம். சினிமாக்காரர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. நம் வீட்டுத் திண்ணையில் கேட்டதற்குப் பட்டுப்புடவை கட்டி, பவுடர் போட்டு அனுப்பினார்கள், அவ்வளவே.

'மனோகரா'வுக்கு வருவோம். 1954-ல் வந்த படம். பம்மல் சம்பந்த முதலியார் எழுதிய பழைய நாடகத்துக்குக் கலைஞர் வசனம் எழுதி, எல்.வி.பிரசாத் இயக்கியது. சிவாஜிக்கும் கண்ணாம்பாவுக்கும்தான் அதில் பேர். ஆனால் வசந்தசேனையாக வரும் டி.ஆர்.ராஜகுமாரியைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். அந்தம்மா கத்தவே மாட்டார். ராஜாவுக்குப் பக்கத்தில் ஒரு சிரிப்போடு உட்கார்ந்திருப்பார். பெற்ற மகனைச் சங்கிலியால் கட்டிச் சபைக்கு இழுத்து வருவார்கள். பட்டத்து ராணியோ கணவன் இருந்தும் இல்லாதவளாக வருஷக்கணக்கில் ஒதுங்கிக் கிடப்பாள். இத்தனையும் நடக்கும்போது வசந்தசேனையின் முகத்தில் ஒரு சின்னச் சுளிப்புகூட இருக்காது. அதுதான் நமக்குப் பகீர் என்கிறது. கத்திச் சண்டை போடுகிறவளைத் தெருவில் தினமும் பார்க்கிறோம், பழகிவிட்டது. சிரித்துக்கொண்டே குடி கெடுக்கிறவளைப் பார்த்தால்தான் அடிவயிறு கலங்குகிறது.

அவள் செய்வதெல்லாம் தன் மகன் வசந்தனைச் சிம்மாசனத்தில் ஏற்றத்தான். அந்த மகனோ அரைப் பைத்தியம். காகா ராதாகிருஷ்ணன் நடித்திருப்பார், சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். இந்த அசடுக்காகவா இத்தனை பாவம் என்று எனக்குத் தோன்றும். ஆனால் அவரவர் பிள்ளை அவரவருக்கு ராஜாதானே!

இதே ராஜகுமாரிதான் 1944-ல் வந்த 'ஹரிதாஸ்' படத்தில் பாகவதரை மயக்கும் தாசி ரம்பா. அந்தப் படம் சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. நிஜ வாழ்க்கையில் அந்தம்மா கல்யாணமே செய்து கொள்ளாதவர். தம்பி டி.ஆர்.ராமண்ணா பட முதலாளியாகவும் டைரக்டராகவும் வளரப் பக்கபலமாக இருந்தவர். சென்னை பாண்டிபஜாரில் தன் பேரிலேயே தியேட்டர் கட்டி வைத்திருந்தார். திரையில் குடும்பங்களைப் பிரித்தவர், வெளியே ஒரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார். 1999-ல் காலமானார்.

அதே 1954-ல்தான் 'ரத்தக்கண்ணீர்' வந்தது. 'அந்த நாள்' படமும் அந்த வருஷம்தான். பாட்டே இல்லாத படம். புருஷன் தேசத் துரோகி என்று தெரிந்து பண்டரிபாய் துப்பாக்கி எடுப்பதைப் பார்த்து அந்தக் காலத்து ஜனங்கள் எப்படித் திடுக்கிட்டிருப்பார்கள்! அவளை வில்லி என்று சொல்ல எனக்கு மனசு வராது. ஒரே வருஷத்தில் எப்படிப்பட்ட பெண்களை எல்லாம் காட்டிவிட்டார்கள், பாருங்கள்.

'ரத்தக்கண்ணீர்' படத்தை நான் முதலில் பார்த்தது எங்கள் ஊர்ப் பொங்கல் திருவிழாவில். வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் போடுவார்கள். நாங்கள் பாயும் போர்வையுமாக முன்னாடியே போய் இடம் பிடித்து வைப்போம். காந்தாவாக எம்.என்.ராஜம். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த மோகன், கட்டிய மனைவி சந்திராவை நாட்டுப்புறம் என்று ஒதுக்கிவிட்டுக் காந்தா வீட்டிலேயே பழி கிடப்பான். காசு இருக்கும் வரை உபசாரம். குஷ்டம் வந்ததும் அதே காந்தா மூக்கைப் பொத்திக்கொண்டு அவனை விரட்டுவாள். அந்தக் கட்டத்தில் என் அப்பத்தா கைநிறைய மண்ணை அள்ளித் திரையை நோக்கி வீசிவிட்டது! ''நாசமாப் போவ! கட்டையில போறவளே!'' என்று அது கத்திய கத்தலில் படத்தின் வசனமே கேட்கவில்லை. முன்னால் இருந்தவர்கள் தலையெல்லாம் மண்.

எம்.என்.ராஜத்துக்கு அப்போது இருபது வயதுகூட ஆகியிருக்காது. அத்தனை சின்னப் பெண், மேடையில் வருஷக்கணக்கில் அந்த வேஷத்தைப் போட்டுப் புடம் போட்டிருந்த எம்.ஆர்.ராதாவுக்கு எதிரே நின்று ஈடு கொடுத்திருக்கிறார். பிறகு 'பாசமலர்' படத்தில் சிவாஜியின் மனைவியாகவும், 'அரங்கேற்றம்' படத்தில் பிள்ளைகளைப் பெற்றுப் பெற்றுச் சலித்துப்போன அம்மாவாகவும் வந்தார். இரண்டிலும் எத்தனை பாந்தம்! ஆனாலும் என் அப்பத்தா கடைசி வரை அவர் எந்தப் படத்தில் வந்தாலும், ''இவ அந்தக் காந்தாதானே?'' என்று முகத்தைத் திருப்பிக் கொள்ளும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குஷ்டம் பாவத்தின் சம்பளம் என்கிற மாதிரி அந்தப் படம் காட்டுவது தப்பு. அது ஒரு கிருமியால் வருகிற வியாதி. இப்போது கூட்டு மருந்து இருக்கிறது. ஆறு மாதம் அல்லது ஒரு வருஷம் ஒழுங்காகச் சாப்பிட்டால் குணமாகிவிடும், அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகவே தருகிறார்கள். யாரையும் காந்தா மாதிரி விரட்ட வேண்டிய அவசியமே இல்லை.

அப்புறம், வளர்ந்து பிள்ளை குட்டி ஆன பிறகு அதே படத்தைப் பார்த்தபோது எனக்கு வேறொன்று உறைத்தது. தாயைத் துச்சமாக நினைத்தது யார்? மோகன். கட்டினவளைத் தவிக்க விட்டது யார்? மோகன். சொத்தைக் கரைத்தது யார்? அவனேதான். ஆனால் அப்பத்தா வீசிய மண் காந்தா மேல்தான் விழுந்தது. மோகன் கண்ணு தெரியாமல் தடவித் தடவி வந்தபோது அதே அப்பத்தா முந்தானையால் கண்ணைத் துடைத்துக் கொண்டது. 'மனோகரா'விலும் அப்படித்தான். பொண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு இன்னொருத்தி பின்னால் போனது ராஜா. என் மாமியார் திட்டுவது வசந்தசேனையை. இதை நான் மாமியாரிடம் மெதுவாகக் கேட்டேன். ''ஆம்பள புத்தி அப்பிடித்தான். பொம்பளைக்கு எங்க போச்சு புத்தி?'' என்றார். இதற்கு மேல் என்ன பேச!

சரி, என் சொந்தக் காரணத்துக்கு வருகிறேன்.

நான் இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்டவள். 24 வயதில் எனக்குக் கல்யாணம் ஆனபோது, என் வீட்டுக்காரருக்கு ஐந்து வயதில் ஒரு பெண் இருந்தாள். அவளைப் பெற்றவர் மஞ்சள் காமாலையில் போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் கஷ்டம். 'நல்ல மனுஷன், குடி இல்லை, வேலை இருக்கு' என்று சொல்லித்தான் கட்டிக் கொடுத்தார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

நான் வந்த முதல் வாரம் அந்தக் குழந்தை என் கையால் சாப்பிடவே இல்லை. பாட்டி ஊட்டினால் மட்டும் வாய் திறக்கும். நான் வைத்தால் தட்டையே உற்று உற்றுப் பார்க்கும். ஒரு நாள் தாஜா செய்து கேட்டேன். ''சித்தின்னா சோத்துல விஷம் வப்பாங்கன்னு சொன்னாங்க. டி.வி.லயும் வந்துச்சு'' என்றது. சொன்னது யார் என்று எனக்குத் தெரியும். தெருவில் ஒரு அம்மா. வாய் சும்மா இருக்காது. இருந்தாலும் அந்த அம்மாவை மட்டும் சொல்லி என்ன? படத்திலும் நாடகத்திலும் சித்தி என்று வந்தாலே சூடு வைப்பாள், பட்டினி போடுவாள், கிணற்றுப் பக்கம் கூட்டிப் போவாள். ஐந்து வயசுப் பிள்ளை வேறு என்ன நினைக்கும்?

அதன் பிறகு ஒரு மாதம், அவள் தட்டில் வைப்பதை முதலில் நான் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் அவளுக்கு வைப்பேன். தினம் மூன்று வேளை. சிரிப்பாக இருக்கிறதா? எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை.

எங்கள் மாடி வீட்டு அக்கா ஹைதராபாத்தில் பத்து வருஷம் குடியிருந்துவிட்டு வந்தவர். ஒரு நாள் நான் அழுததைப் பார்த்துவிட்டு, ''தெலுங்குல சூர்யகாந்தம்னு ஒரு நடிகை, தெரியுமா உனக்கு?'' என்று ஆரம்பித்தார். 1962-ல் வந்த 'குண்டம்ம கதா' என்கிற படத்தில் சாவித்திரிக்குச் சித்தியாக வந்து, அவளை வேலைக்காரி மாதிரி ஆட்டி வைப்பாராம். கொடுமைக்கார மாமியார், சித்தி என்றால் அங்கே சூர்யகாந்தம்தான். அவர் நடிப்பைப் பார்த்துப் பயந்து, ஆந்திராவில் பெண் குழந்தைகளுக்கு அந்தப் பெயரை வைக்கவே தயங்கினார்களாம். நிஜத்தில் அந்தம்மா தங்கம். ஷூட்டிங்குக்கு வீட்டிலிருந்து சமைத்து எடுத்துப் போய் எல்லோருக்கும் பரிமாறுவாராம். ''அவங்களே அப்பிடி பேர் வாங்கிட்டுத்தான் இருந்தாங்க. உனக்கு என்னடி, நாலு தெருவுக்குள்ள இருக்க பேருதானே, விடு'' என்றார் அக்கா. அன்றைக்கு எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

இன்னொரு நாள் அவரே, ''நல்ல சித்தி படமும் இருக்கு, பாரு'' என்று சொன்னார். 1966-ல் கே.எஸ்.கோபாலகிருஷ்ணன் எடுத்த 'சித்தி'. வை.மு.கோதைநாயகி அம்மாள் எழுதிய 'தயாநிதி' நாவல்தான் கதை. தம்பி டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்பதற்காக, விரும்பிய ஜெமினியை விட்டுவிட்டு, பிள்ளை குட்டியோடு இருக்கும் வயதான எம்.ஆர்.ராதாவுக்குக் கழுத்தை நீட்டுவார் பத்மினி. அந்தப் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாகவே பார்ப்பார். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. ஆனால் படம் முடிந்ததும் ஒரு மாதிரி பாரமாகவும் இருந்தது. வசந்தசேனை மாதிரி இருக்க எனக்குத் தெரியாது. பத்மினி மாதிரி இருக்க என்னால் முடியாது. நடுவில் இருக்கிற ஒருத்தியை எந்தப் படத்திலும் நான் பார்க்கவில்லை.

இப்போது எழுதப் போவதை இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

எனக்குப் பையன் பிறந்தது கல்யாணமாகி மூன்றாம் வருஷம். அவனுக்கு ஒரு வயது நடக்கும்போது துணிமணி வைக்க இடமில்லை. வீட்டில் இருப்பது ஒரே ஒரு பீரோ. அதில் மேல் தட்டில் அவளுடைய, அதாவது பெரியவளைப் பெற்றவருடைய புடவைகள் ஆறு இருந்தன. கல்யாணப் பட்டை எல்லாம் அவர் தாய் வீட்டில் எடுத்துப் போய்விட்டார்கள். இவை வீட்டில் கட்டியவை. நூல் புடவை இரண்டு, வாயில் மூன்று, மஞ்சளில் ஒரு சுங்குடி. என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். பேப்பரைப் பார்த்துக்கொண்டே, ''பழசுதானே, எடுத்துடேன்'' என்றார்.

மறுநாள் காலை பழைய துணிக்குப் பாத்திரம் போடுகிறவர் தெருவில் வந்தார். ஆறையும் எடுத்துக் கொடுத்தேன். பேரம் பேசி, மூடி போட்ட எவர்சில்வர் சம்படம் ஒன்று வாங்கினேன்.

இடம் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அது மட்டும்தான் காரணமா என்று கேட்டால், இல்லை. அந்தப் பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் புடவைகள் என்னைப் பார்ப்பது போல இருக்கும். நான்கு வருஷமாக. அன்று அவை வீட்டை விட்டுப் போனதும் எனக்கு மனசு லேசானது. சம்படத்தைக் கழுவித் துடைத்து, துவரம்பருப்பைக் கொட்டி வைத்தேன். பாட்டுகூடப் பாடினேன் என்று நினைக்கிறேன்.

சாயந்திரம் பெரியவள் பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. சீருடை மாற்றப் பீரோவைத் திறந்தாள். சினிமாவாக இருந்தால் அந்த இடத்தில் பலமாக மேளம் அடிப்பார்கள், வீணையைப் படபடவென்று தட்டுவார்கள், இடி இடிக்கும். எங்கள் வீட்டில் கிரைண்டர் ஓடுகிற சத்தம்தான் கேட்டது. இட்லிக்குப் போட்டிருந்தேன். அவள் பீரோ கதவைப் பிடித்தபடி நின்றாள். அழவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். முதல் வாரம் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தாளே, அதே பார்வை.

''அம்மா வாசம் அதுலதான் இருக்கும்'' என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அவள் தினம் சாயந்திரம் பீரோவுக்குள் தலையை விட்டு நிற்பாள். உள்பாவாடை தேடுகிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அன்று ராத்திரி அவள் பாட்டி கையால்தான் சாப்பிட்டாள். நான்கு வருஷம் நான் ஒரு வாய் ருசி பார்த்துப் பார்த்து ஊட்டியது எல்லாம் ஒரே நாளில் போயிற்று. என் வீட்டுக்காரர், ''நீ அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?'' என்று என்னைத்தான் சொன்னார். தான் 'எடுத்துடேன்' என்று சொன்னது அவருக்கு நினைவே இல்லை. எனக்கு வந்த கோபத்தில்... சரி, அது வேண்டாம்.

நான்கு நாள் அந்தப் பாத்திரக்காரரைத் தேடினேன். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாக அலைந்தேன். கடைசியில் டீக்கடையில் விசாரித்து அவர் வீட்டுக்கே போய்விட்டேன். மனுஷன் என்னைப் பார்த்து மிரண்டு போனார். துணி எல்லாம் மொத்த வியாபாரிக்குப் போய்விட்டதாம். ஒன்று மட்டும், அந்த மஞ்சள் சுங்குடி நன்றாக இருக்கிறது என்று அவர் மனைவி எடுத்து வைத்துக் கொண்டாராம். அந்தப் பெண் கொடியில் காய்ந்து கொண்டிருந்ததை உருவி, மடித்து என் கையில் கொடுத்தார். நான் கதை முழுக்கச் சொல்லக்கூட இல்லை. என் மூஞ்சியைப் பார்த்தே தெரிந்திருக்கும் போல. ''எம் பொண்ணுக்கும் எட்டு வயசுக்கா'' என்றார். பதிலுக்கு நான் கொண்டுபோன என் புடவையை வாங்க மாட்டேன் என்றார். வற்புறுத்திக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து பெரியவளிடம் நீட்டினேன். வாங்கி முகத்தில் வைத்து மோந்து பார்த்தாள்.

''சோப்பு வாசம் அடிக்குது'' என்றாள்.

துவைத்துக் காயப்போட்டிருந்தார்களே, அது எனக்குத் தோன்றவே இல்லை.

தோழியரே, சினிமாவில் வில்லிக்குக் கடைசி ரீலில் தண்டனை உண்டு. 'படையப்பா'வில் நீலாம்பரிகூட அப்படித்தான் போவாள். 1999-ல் அந்தப் படம் வந்தபோது எனக்கு 12 வயது. தியேட்டரில் எங்கள் மாமாவோடு பார்த்தேன். ஆசைப்பட்டவன் கிடைக்கவில்லை என்று 18 வருஷம் ஒரு அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பாளே, அந்தக் கட்டத்தில் தியேட்டரே கப்சிப். ரம்யா கிருஷ்ணனைப் பார்த்துப் பயந்ததோடு, ரசிக்கவும் செய்தோம். கடைசியில் தன்னையே சுட்டுக் கொண்டு செத்துப் போவாள். வீட்டில் அப்படி எல்லாம் ஒன்றும் முடிவதில்லை. மறுநாள் காலை எழுந்து டிபன் பாக்ஸ் கட்ட வேண்டும். கட்டினேன். அவள் எடுத்துப் போனாள். சாயந்திரம் பாதி மீதியோடு வந்தது. அப்படியே ஒரு வருஷம் போயிற்று.

2020 ஊரடங்கில் தூர்தர்ஷனில் ராமாயணம் மறுபடி போட்டார்கள் அல்லவா? ஹிந்திதான், ஆனால் கதை தெரியுமே. மாமியார் விளக்கம் சொல்ல, எல்லோரும் உட்கார்ந்து பார்ப்போம். மந்தரையாக வருபவர் லலிதா பவார். 1942-ல் ஒரு படப்பிடிப்பில் உடன் நடித்தவர் அறைந்த அறையில் முகத்தில் வாதம் வந்து, இடது கண் சுருங்கிப் போனதாம். அதுவரை கதாநாயகியாக இருந்தவர், அதன் பிறகு மாமியார், வில்லி வேஷங்களுக்கு மாறிவிட்டார். அந்தக் கண்ணைச் சுருக்கி அவர் பார்த்தாலே குலை நடுங்கும். நாம் பயந்தது ஒரு மனுஷியின் காயத்தைப் பார்த்து என்பதை நினைத்தால் மனசு என்னவோ செய்கிறது.

கைகேயி வரம் கேட்கும் கட்டம் வந்தது. எனக்கு உள்ளுக்குள் உதறல். பெரியவளுக்கு அப்போது 14 வயது, பையனுக்கு ஆறு. தன் பிள்ளைக்கு ராஜ்யம், மூத்தவள் பிள்ளைக்குக் காடு. நான் மெதுவாக எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். உள்ளே இருந்து கேட்டால், பையன், ''அக்கா, கைகேயி கெட்டவங்களா?'' என்கிறான். பெரியவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ''வரம் குடுத்தது தசரதன்டா'' என்றாள்.

அந்த ஒரு வார்த்தையை நான் அடுப்படியில் நின்று எத்தனை தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

இப்போது அவளுக்கு 19 வயது. கோயமுத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். இன்றுவரை என்னைச் சித்தி என்றுதான் கூப்பிடுகிறாள். அம்மா என்பது படத்தில் இருப்பவருக்கு. அதில் எனக்கு வருத்தம் இல்லை. மஞ்சள் சுங்குடி விடுதியில் அவள் பெட்டிக்குள் இருக்கிறது.

நான் முதலில் சொன்னேனே, அந்த 'மனோகரா' ஞாயிற்றுக்கிழமை, அன்று அவளும் லீவுக்கு வந்திருந்தாள். மாமியார் 'அடிப்பாவி' சொல்லிக்கொண்டிருக்க, இவள் என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டு, ''சித்தி, இந்தம்மாதான் சூப்பரா நடிக்குது. மத்தவங்க எல்லாம் ரொம்பக் கத்துறாங்க'' என்றாள். மாமியாருக்குக் கோபம் வந்துவிட்டது. சிவாஜியைச் சொன்னால் விடுவாரா? பாட்டிக்கும் பேத்திக்கும் அரை மணி நேரம் சண்டை. படத்தையே யாரும் சரியாகப் பார்க்கவில்லை.

சாயந்திரம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது முறுக்கு கட்டிக் கொடுக்க ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தேடிக் கொண்டிருந்தேன். அவள் அலமாரியைத் திறந்து, அந்தச் சம்படத்தை எடுத்து, உள்ளே இருந்த பருப்பைப் பேப்பரில் கொட்டினாள். நான் ஒன்றும் சொல்லாமல் நின்றேன்.

''இதுல போடு சித்தி. மூடி நல்லா இறுக்கமா இருக்கும், நமுத்துப் போகாது'' என்றாள்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை.